தென்னை உச்சியில் ஒரு மணி நேரம்

நல்லிக்காட்டுப்புதூரில் அண்ணன் தம்பி நாலு பேர் தேங்காய் போடுகிற தொழில் செய்கிறார்கள். மரம் ஏறுவதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏறின பிறகும் இறங்கின பிறகும் நடப்பதுதான் குறை.

மூத்தவன் மாரப்பன், எதையும் முடிவு செய்கிறவன். இரண்டாமவன் அர்த்தநாரி, முடிவு செய்ததில் சந்தேகம் கேட்கிறவன். மூன்றாமவன் நாச்சிமுத்து ஐந்தாவது வரை படித்திருக்கிறான், அதனால் எழுத்து இருக்கிற எது கிடைத்தாலும் அவன் கையில்தான் கொடுப்பார்கள். கடைசி தங்கராசு. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்குச் சரி.

நாலு பேருக்கும் ஒரே தங்கச்சி, பூரணி. அந்த வீட்டுக்கு வந்த அறிவு நாலு பேரைப் பார்த்துவிட்டு நிற்காமல் நடந்து, அஞ்சாவதாக அவளிடம் போய் உட்கார்ந்துகொண்டது. அவளைப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்து, இப்போது ஒரு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

நாலு பேரிடமும் நாலு போன் இருந்தது. மாரப்பன் முன்பின் தெரியாதவர்கள் சோறு தின்பதை நாள் முழுக்கப் பார்ப்பான். அவர்கள் தின்று முடித்ததும் தனக்கும் வயிறு நிறைந்துவிட்டது என்று சோறு வேண்டாம் என்பான். அர்த்தநாரி நாற்பத்திரண்டு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தான், அதில் ஒன்று கர்ப்பிணிகளுக்கானது. நாச்சிமுத்து வருகிற செய்தியை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அது பொய் என்று வேறு செய்தி வந்துவிடும். தங்கராசு எது வந்தாலும் கட்டை விரலைத் தூக்குகிற படத்தைப் போடுவான். பெரியப்பா செத்த செய்திக்கும் போட்டான். துக்கத்துக்குப் போன இடத்தில் அவனுக்கு மட்டும் ஒரு வாய் காபித்தண்ணி தரவில்லை. ஏன் என்று இன்றுவரை அவனுக்கு விளங்கவில்லை.

இப்படிக் குனிந்து குனிந்து பார்த்ததில் நாலு பேர் கழுத்தும் முருங்கைக்காய் மாதிரி வளைந்துபோய், நிமிர மாட்டேன் என்றது. தேங்காய் போடுகிறவன் அண்ணாந்து பார்க்க முடியாவிட்டால் என்ன செய்வான்? காய் முற்றியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மரத்தின் உச்சிவரை ஏறிப் போவான். முற்றவில்லை என்றால் இறங்குவான். முற்றியிருந்தால், அரிவாளை இடுப்பில் இருந்து எடுக்கப் போய், கையில் போன் வந்து, அதைப் பார்த்துவிட்டு இறங்குவான். ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கியும் தோப்பில் ஒரு காய் விழவில்லை. தோப்புக்காரர் பூரணிக்குச் சொல்லி அனுப்பினார்.

பூரணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சத்தம் போட்டுப் பேசுகிற பெண் இல்லை அவள். நாலு பேரையும் வரிசையாக நடத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா கழுத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஒரு போன் போதும் என்றார். போனை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லவும் செய்தார். நாச்சிமுத்து எழுதிக் கொடுங்கள் என்று கேட்டான். அவரும் பாவம், அவர்களைப் பற்றித் தெரியாமல், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்.

ஒன்று, போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். இரண்டு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். மூன்று, விசேஷ நாளில் போனைக் கீழே வைத்துவிட்டு மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவும்.

மூன்று போனைப் பூரணி அங்கேயே பிடுங்கிக்கொண்டாள். மிச்சம் இருந்த ஒன்றையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு நாலு பேரும் வீட்டுக்கு வந்து, முதல் வரியை ஆராயத் தொடங்கினார்கள்.

பரண்மேல் வைத்தார்கள். மாரப்பனுக்குக் கை எட்டியது. ஓட்டின்மேல் வைத்தார்கள். தங்கராசு நெட்டை, அவனுக்கு எட்டியது. கிணற்றுக்குள் கயிறு கட்டித் தொங்கவிடலாம் என்றான் நாச்சிமுத்து. கயிற்றின் இந்த முனை கையில்தானே இருக்கும் என்று அர்த்தநாரி அதைத் தள்ளிவிட்டான்.

"ஏங்ணா, நாம மரமே ஏறறவங்க. நமக்கு எட்டாத எடம்னு ஒண்ணு இருக்குதுங்களா?" என்று அவனே கேட்டான்.

மாரப்பன் கையை நீட்டிக் காட்டி முடிவு சொன்னான். "நின்ன எடத்துல நின்னு கையை நீட்டோணும். எட்டலீன்னா அது எட்டாத எடம். ஏறிப் போய் எடுக்கறது கால் கணக்கு. டாக்டரம்மா காலைப் பத்தி ஒண்ணுமே எழுதலை."

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தோப்பில் எல்லாவற்றையும்விட உயரமான தென்னையைத் தேர்ந்தெடுத்தார்கள். போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உச்சியில் மட்டை இடுக்கில் கட்டினார்கள். பிறகு கீழே நின்று நாலு பேரும் கையை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவனுக்கும் எட்டவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு.

அடுத்தது இரண்டாவது வரி. ஒரு மணி நேரம் போதும் என்றால், ஒரு மணிக்குக் குறைந்தால் போதாது என்றுதானே பொருள் என்று அர்த்தநாரி கேட்டான். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது மருந்துதான், மருந்தைக் குறைத்துச் சாப்பிட்டால் நோய் கேட்காது என்று மாரப்பன் முடிவு செய்தான். அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு, காலில் தளைக்கயிற்றை மாட்டிக்கொண்டு நாலு பேரும் அந்த ஒரே மரத்தில் ஏறினார்கள். உச்சியில் மாரப்பன், அவன் காலடியில் அர்த்தநாரி, அவனுக்குக் கீழே நாச்சிமுத்து, எல்லாருக்கும் கீழே தங்கராசு. போனைத் தொட்டால் கணக்கு ஆரம்பம். ஒரு மணி ஆகும்வரை யாரும் இறங்கக் கூடாது.

வீட்டில் சிக்னல் கிடைக்காமல் பாதிப் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். மரத்து உச்சியில் ஒரு தடங்கலும் இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. மாரப்பன் பார்ப்பதைக் கீழே இருக்கிறவனுக்குச் சொல்வான். அவன் அவனுக்குக் கீழே இருக்கிறவனுக்குச் சொல்வான். உச்சியில் ஒருவன் சிரித்தால் அந்தச் சிரிப்பு இறங்கி இறங்கித் தங்கராசுவிடம் வருவதற்குள் மேலே படத்தில் யாராவது செத்துப்போயிருப்பார்கள். தங்கராசு அதற்குச் சிரிப்பான். நாலு பேர் சிரித்ததும் சரியாக முடிந்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் மழை, ஏற முடியவில்லை. விட்டுப்போன மருந்தைச் சேர்த்துத் தீர்க்க வேண்டும் என்று மறுநாள் இரண்டு மணி நேரம் மரத்தில் இருந்தார்கள். வேலையைப் பற்றி நான் சொல்லவில்லை, நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இப்படி இருக்கையில் பூரணியின் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. அவள் புருஷன் வீட்டாருக்குக் குலதெய்வமே நல்லிக்காட்டுப்புதூர் மாரியம்மன்தான். தோப்புக்கு முன்னால் இருக்கிற அதே கோயில். ஒன்பதிலிருந்து பத்தரைவரை முகூர்த்தம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். இந்தக் குழந்தைக்கு நாலு தாய்மாமன். ஆனாலும் மாமியார் ரங்கம்மாளுக்கு நம்பிக்கை இல்லை. அதில் தப்பும் இல்லை.

நாலு நாள் முன்னாலேயே சொந்தக்காரர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு ரங்கம்மாள் சொல்லிவிட்டாள். "உன்ற அண்ணனுங்க பத்தரைக்குள்ள வந்து மடி குடுத்தாச் சேரி. வரலீன்னா என்ற தம்பி மவன் உக்காருவான், அவனும் மாமன் மொறைதான். அதுக்கப்பறம் பொறந்த ஊடு, பொறந்த ஊடுன்னு எங்கிட்ட வாயெடுக்கக் கூடாது நீயி."

பூரணி சரிங்கத்தை என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலமே பிறந்த வீட்டுக்கு வந்து, அண்ணன்களிடம் நாளையும் நேரத்தையும் நாலு தடவை சொன்னாள், ஆளுக்கு ஒரு தடவை. குரல் உடைந்துதான் சொன்னாள். வராமல் போய்விட்டால் இனி தலை நிமிர்ந்து அந்த வீட்டில் நடக்க முடியாது என்றாள். நாலு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. அன்பில் குறை வைக்கிறவர்கள் இல்லை.

காதுகுத்தன்று வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பட்டுப்பாவாடை, பழம், வெற்றிலை என்று சீர்த்தட்டுகளை ஏந்திக்கொண்டு எட்டரைக்கே கிளம்பிவிட்டார்கள். இப்படியே நேராகக் கோயிலுக்குப் போயிருந்தால் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. தோப்பைத் தாண்டும்போது நாச்சிமுத்து நின்றான். சட்டைப்பையில் இருந்து சீட்டை எடுத்து மூன்றாவது வரியைப் படித்தான்.

"விசேஷ நாளில் போனைக் கீழே வைத்துவிட்டு."

கழுத்து நிமிராததால் எல்லாரும் இடுப்போடு பின்னால் சாய்ந்து மரத்தைப் பார்த்தார்கள். போன் மேலே இருந்தது.

"இன்னிக்கு விசேஷமுங்ணா," என்றான் அர்த்தநாரி. "கீழ வெக்காம எப்புடிப் போறது?"

மேலே ஏறி எடுத்து வந்து கீழே வைத்துவிட்டுப் போய்விடலாம், அஞ்சு நிமிஷ வேலை என்று மாரப்பன் சொன்னான். தட்டுகளை மரத்தடியில் வைத்துவிட்டு, பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டி நாலு பேரும் ஏறினார்கள். ஒருவன் போதுமே என்று கேட்க அங்கே ஆள் இல்லை. உச்சிக்குப் போய் மாரப்பன் போனைத் தொட்டான். தொட்டால் கணக்கு ஆரம்பம் அல்லவா? அப்போது மணி சரியாக ஒன்பது. ஒரு மணி நேரம் ஆகாமல் எப்படி இறங்குவது? பத்துக்கு இறங்கினாலும் பத்தரைக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, நிம்மதியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அங்கே கோயிலில் ரங்கம்மாள் தன் போனில் மும்முரமாக இருந்தாள். குழந்தைக்குப் போன மாசம் மொட்டை போட்டபோது எடுத்த படத்தை வைத்து, எங்கள் பேத்தியின் காதுகுத்து இனிதே நடந்தேறியது என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டாள். காது குத்துகிற ஆசாரி இன்னும் பெட்டியையே திறக்கவில்லை. பத்தரைக்கு மேல் பந்தி விசாரிக்கிற வேலை இருக்கும், போட நேரம் கிடைக்காது என்று முன்கூட்டியே போட்டாளாம். முட்டாள்தனம் நம் நாலு பேர் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அந்த ஸ்டேட்டஸ் காற்றில் ஏறித் தென்னை உச்சிக்கு வந்தது. போன் கீழே இருந்த நாச்சிமுத்துவிடம் கை மாறியது, அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். 

"அப்ப முடிஞ்சுபோச்சுங்களா?" என்றான் தங்கராசு.

"நடந்தேறியதுன்னா முடிஞ்சுபோச்சுன்னுதான் அர்த்தம்," என்றான் நாச்சிமுத்து.

"நாம போனோமுங்களா?" என்று அர்த்தநாரி கேட்டான்.

மாரப்பன் போனை வாங்கிப் படத்தை விரலால் பெரிசாக்கி ஓரம் ஓரமாகத் தேடினான். "படத்துல நாம இல்லை. அதனால நாம போகலை."

நாலு பேரும் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மேலே இருந்தவன் கண்ணீர் கீழே இருந்தவன் தலையில் விழுந்து, தங்கராசு முழுசாக நனைந்துவிட்டான். மூன்று முறை போன் அடித்தது. பூரணி கூப்பிட்டாள். முடிந்த காதுகுத்துக்கு வரவில்லை என்று திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, பயந்துபோய் யாரும் எடுக்கவில்லை. பத்து மணி ஆகிவிட்டதா என்று பார்க்கக்கூட ஒருவனுக்கும் தோன்றவில்லை. போகத்தான் இனி இடமில்லையே. அழுது முடித்த பிறகு, அழுத நேரத்தில் போனைப் பார்க்கவில்லை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அர்த்தநாரி சொன்னான். அது சரிதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆக இன்னும் அரை மணி நேரம் மிச்சம் இருந்தது.

கோயிலில் மணி பத்தே கால். ரங்கம்மாள் தன் தம்பி மகனைக் கூப்பிட்டு மணையில் உட்காரச் சொன்னாள். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தான். பூரணி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வழியைப் பார்த்தாள். பார்த்தவள் கண்ணில், கோயில் மதிலுக்கு மேலே, ஒரு தென்னையில் வெள்ளை வேட்டி நாலு ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்குவது பட்டது. அந்தச் சபையில் எல்லாருக்கும்தான் பட்டது. யாரோ சிரித்தார்கள்.

பூரணி யாரையும் பார்க்கவில்லை. ஆசாரியிடம் போய், கொஞ்சம் கூட வாங்க என்று தணிந்த குரலில் சொன்னாள். தம்பி மகன் உட்காரப்போன மணையை அவன் உட்காருவதற்கு முன்பே எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தாள். ஆசாரி பெட்டியோடு பின்னால் ஓடினார். ரங்கம்மாள் போனோடு அவர் பின்னால் ஓடினாள்.

"அண்ணா, எறங்குங்க. நேரம் போவுது," என்றாள் பூரணி கீழே நின்று.

மாரப்பன் மேலிருந்து மூக்கை உறிஞ்சினான். "எல்லாம் முடிஞ்சுபோச்சு அம்மிணி. எங்களை மன்னிச்சுரு."

"என்ன முடிஞ்சுது? காதைப் பாருங்க," என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

"நாப்பதடியில இருந்து காது தெரியாது. ஸ்டேட்டஸ் தெரியுது. சொந்தக்காரங்க குரூப்புல பதினேழு பேர் வாழ்த்துப் போட்டிருக்கறாங்க. பதினேழு பேருக்குத் தெரிஞ்சது உனக்கு மட்டும் தெரியலையா?"

பெற்றவள் அவள். குழந்தை அவள் கையில். காது அவள் கண் முன்னால். அவளுக்குத் தெரியவில்லையாம். ரங்கம்மாள் போனைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். அழுவதா சிரிப்பதா என்று நின்ற பூரணி, இவர்களோடு பிறந்து வளர்ந்தவள் என்பதால், இரண்டும் செய்யாமல் அண்ணாந்து பார்த்தாள்.

"சேரிங்கண்ணா, முடிஞ்சுதுன்னே வெச்சுக்குவோம். ஆனா நீங்க இன்னும் போனைக் கீழ வெக்கலையே. பத்தரை ஆயிட்டா விசேஷம் போயிரும். அப்பறம் எப்பிடி வெப்பீங்க?"

மரம் திடுக்கிட்டது. நாச்சிமுத்து அவசரமாகச் சீட்டைப் பார்த்தான், அவள் சொல்வது சரியாக இருந்தது. தங்கராசு போனை அப்படியே கீழே போடச் சொன்னான். கீழே வைக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது, போடச் சொல்லி எழுதவில்லை என்று அர்த்தநாரி அவனை அடக்கினான். நாலு பேரும் போனைக் கைமாற்றிக் கைமாற்றி, குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கிக்கொண்டு வந்தார்கள். உண்மையான குழந்தை அழுதுகொண்டிருந்தது. தட்டில் இருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் தரையில் விரித்து, அதன்மேல் போனை வைத்தார்கள். மணி பத்து இருபத்தி மூன்று.

மாரப்பன் நிமிர்ந்து மணையைப் பார்த்தான், ஆசாரியைப் பார்த்தான். கடைசியில் குழந்தையின் காதையும் பார்த்தான். "ஏண்டா, ஓட்டையைக் காணமே," என்றான். பூரணி அவன் தோளைப் பிடித்து அழுத்தி மணையில் உட்கார வைத்துக் குழந்தையை மடியில் வைத்தாள்.

ஆசாரி ஊசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ரங்கம்மாள் தன் போனைக் குழந்தையின் முகத்துக்கும் ஆசாரியின் கைக்கும் நடுவில் நீட்டி வீடியோ பிடித்தாள். ஆசாரிக்குக் காது தெரியவில்லை, போன்தான் தெரிந்தது. அம்மா கொஞ்சம் தள்ளுங்க என்று மூன்று தடவை சொன்னார். அவளுக்குக் காது கேட்கவில்லை. அர்த்தநாரி பணிவாக அவள் கையில் இருந்து போனை வாங்கி, இன்னொரு வெற்றிலையை விரித்து, தங்கள் போனுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"விசேஷமுங்க அத்தை," என்றான். "மொகத்தைப் பாருங்க."

ரங்கம்மாள் வெற்றிலைமேல் இருந்த போனைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் பேத்தியின் முகத்தைப் பார்த்தாள். நாச்சிமுத்துவும் தங்கராசுவும் சீட்டில் எழுதியிருந்தபடி, ஆசாரியின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் இருந்து கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு சவுக்கியமா என்று விசாரித்தார்கள். அவர் கண்ணை மூடி மாரியம்மனை நினைத்துக்கொண்டு இரண்டு காதையும் குத்தினார். குழந்தை வீறிட்டது. மணி பத்து இருபத்தெட்டு. தாய்மாமன் மடியில், முகூர்த்தத்துக்குள், காதுகுத்து உண்மையாகவே நடந்தேறியது. பூரணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமியாரைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை.

பந்தி போட்டார்கள். தாய்மாமன்களுக்கு முதல் வரிசையில் நாலு இலை. ஆளைக் காணோம். போட்ட சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் ரங்கம்மாளுக்குத் தன் போன் நினைவு வந்தது. தோப்புக்கு வந்தாள். இரண்டு வெற்றிலையில் இரண்டு போன் அப்படியே இருந்தது, இரண்டும் கறுப்பு. குனிந்து எடுக்கப் போனாள்.

"அத்தை, தொடாதீங்க," என்று மேலே இருந்து குரல் வந்தது.

அண்ணாந்து பார்த்தாள். நாலு பேரும் தென்னை உச்சியில் இருந்தார்கள். தலையைத் தொங்கப்போட்டுத் தரையில் இருக்கிற போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மருந்துல அரை மணி நேரம் பாக்கிங்க," என்று மாரப்பன் விளக்கினான். "பந்தி முடியறவரைக்கும் விசேஷந்தானுங்க, அதனால போன் கீழ இருக்கோணும். கைக்கு எட்டாமயும் இருக்கோணும். அதான் நாங்க மேல வந்துட்டோம். இப்பத்தான் மூணு வரியும் ஒத்துப்போச்சு. இன்னும் ரெண்டே நிமிஷமுங்க."

ரங்கம்மாள் மறுபடி குனிந்தாள். தன் போன் எது என்று தட்டிப் பார்த்து எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அர்த்தநாரிக்குச் சந்தேகம் வந்தது.

"ஏங்ணா, நாம இத்தனை நேரம் பாத்தது இங்க கெடக்கற போனையா, அவங்க எடுத்துட்டுப் போன போனையா?"

 காற்றடித்து மரம் ஒரு தடவை ஆடி நின்றது. கோயிலில் இருந்து பாயச வாசனை வந்தது. மாரப்பன் நன்றாக யோசித்து முடிவு செய்தான்.

"எதுக்கும் மொதல்ல இருந்து பாத்துருவோம்."

தங்கராசு மரத்தில் இருந்து ஒரு கையை எடுத்துக் கட்டை விரலைத் தூக்கினான்.